பழைய அஸ்திவாரம் பாதி, புதியது பாதி: ஒரு ஸ்டீல் பிரேமை மாடல் செய்த அனுபவம்

முதல் தடவை மாடலை ஓட்டியபோது கிடைத்த விடை தலைகீழாக இருந்தது. கால் நூற்றாண்டுக்கு மேல் மண்ணில் அமர்ந்து, இறங்க வேண்டியதெல்லாம் இறங்கி முடித்த பழைய ஃபுட்டிங் (தூணுக்கு அடியிலுள்ள அஸ்திவாரக் கான்கிரீட்) 21 மி.மீ. இறங்கும் என்றது ஸ்டாட் புரோ என்ற கட்டடக் கணக்கு மென்பொருள். இனிமேல்தான் குழி வெட்டி கான்கிரீட் போடப்போகும் புது ஃபுட்டிங் 15 மி.மீ.தான் இறங்குமாம். மென்பொருளின் கணக்கில் தப்பு எதுவும் இல்லை. கால்களுக்கு அடியில் நான் கொடுத்த ஆதாரம்தான் தப்பு. அதைச் சரிசெய்யப் போய், கடைசியில் பிரேமின் இணைப்புகளையே மாற்றும்படி ஆனது. இதே மாதிரி வேலை கையில் இருப்பவர்களுக்கு உதவும் என்று எண்களோடு எழுதி வைக்கிறேன்.

இடம் சூலூருக்கும் பல்லடத்துக்கும் நடுவில். பம்ப் உதிரிபாகங்கள் கடையும் லேத் பட்டறை. 1996-இல் கட்டிய ஷெட்: 9 மீட்டர் அகலம், 20 மீட்டர் நீளம், கான்கிரீட் தூண்கள், மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். அதைப் பிரித்துவிட்டு, கீழே இயந்திரங்களும் மேலே அலுவலகமும் பேக்கிங்குமாக இரண்டு தளத்தில் ஸ்டீல் கட்டடம் வேண்டும், அகலமும் 6 மீட்டர் கூட வேண்டும் என்றார் உரிமையாளர். கூடவே ஒரு நிபந்தனை: “பழைய ஃபுட்டிங் பத்தும் கல்லு மாதிரி இருக்குதுங்க தம்பி, அதைக் கழிச்சுப் போட்றாதீங்க.”

நியாயமான ஆசைதான். வரைபடத்தில் மூன்று வரிசை வந்தது. ஏ, பி இரண்டும் பழைய ஷெட்டின் இரு ஓரங்கள், 9 மீட்டர் இடைவெளி. சி புது வரிசை, பி-யிலிருந்து 6 மீட்டர். ஒவ்வொரு வரிசையிலும் 5 மீட்டருக்கு ஒன்றாக ஐந்து தூண்கள். பழைய ஷெட்டுக்கு வரைபடம் எதுவும் கிடைக்கவில்லை. ஆகவே கணினியைத் திறப்பதற்கு முன் மண்வெட்டியை எடுக்க வேண்டியிருந்தது.

மூன்று குழி போதும் என்று நினைத்திருந்தேன். மேஸ்திரி சம்மதிக்கவில்லை. “பழைய ஃபுட்டிங்கு ஒண்ணப் போல ஒண்ணு இருக்காதுங்க சார், பத்தையும் தொறந்து பாத்துருவோம்” என்றார். இந்த வேலையில் எனக்குக் கிடைத்த மிக நல்ல யோசனை அது. ஒன்பது ஃபுட்டிங்குகள் 1.2 மீட்டர் சதுரம், 300 மி.மீ. தடிமன், அடிமட்டம் தரையிலிருந்து 1.5 மீட்டர் ஆழம். பத்தாவது, காம்பவுண்டுச் சுவரை ஒட்டிய ஏ5, வேறு மாதிரி இருந்தது. சுவருக்கு இடம் விட்டு அதை 1.2-க்கு 0.9 மீட்டராகக் குறைத்திருக்கிறார்கள். தூண் அதன் நடுவிலும் இல்லை, குறுகிய பக்கத்தில் 150 மி.மீ. தள்ளி நின்றது. 0.9 மீட்டர் அகலத்தில் 150 மி.மீ. விலகினால் ஓர் ஓரத்தில் அழுத்தம் சராசரியைப் போல இரண்டு மடங்கு, எதிர் ஓரத்தில் பூஜ்யம். லேசான ஷெட்டுக்கு அது பொறுத்துக்கொண்டது. தளம் போட்ட கட்டடத்துக்குப் பொறுக்காது. மூன்று குழியோடு நிறுத்தியிருந்தால் இது என் கண்ணில் பட்டிருக்காது.

மூன்று ஃபுட்டிங்குகளில் கோர் (துளையிட்டு எடுக்கும் உருளைத் துண்டு) எடுத்துச் சோதித்ததில் கான்கிரீட் எம்15 தரத்துக்கு, அதாவது 15 நியூட்டன்/ச.மி.மீ. வலுவுக்கு, மேலேயே இருந்தது. அந்தக் காலத்தில் கான்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதி ஐஎஸ் 456-இன் 1978 பதிப்பு எம்15-ஐ அனுமதித்தது. 2000 பதிப்பில்தான் கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் குறைந்தபட்சம் எம்20 என்று ஆனது. ஆகவே பழைய ஃபுட்டிங்கை எம்15 என்றே வைத்துச் சோதித்தேன். ஏ வரிசையில் புதுச் சுமைக்கு பஞ்சிங் ஷியர் (தூண் ஃபுட்டிங்கைக் குத்தித் துளைக்கப் பார்க்கும் விசை) 0.56 நியூட்டன்/ச.மி.மீ. வந்தது, அனுமதி 0.97. வளைவுக்குத் தேவையான கம்பியும் இருந்தது. கான்கிரீட்டைப் பற்றிய கவலை அதோடு தீர்ந்தது. மீதிக் கவலை முழுக்க மண்ணைப் பற்றியது.

மண்ணில்தான் விஷயம் இருக்கிறது. ஏ, பி பக்கம் ஒன்றரை மீட்டரிலேயே சுக்கான் கலந்த கெட்டித் தரை வந்துவிடுகிறது. சி பக்கம் நிலம் பள்ளத்தை நோக்கிச் சரிவதால் கரிசல் 2.2 மீட்டர் வரை போகிறது. கரிசலில் ஃபுட்டிங்கை உட்காரவைத்தால் மழைக்கு உப்பி வெயிலுக்குச் சுருங்கும். ஆகவே சி வரிசையை 2.4 மீட்டர் ஆழத்துக்கு இறக்க முடிவானது. பக்கத்துப் பக்கத்து ஃபுட்டிங்குகளின் அடிமட்டம் வேறுபட்டால், இரண்டுக்கும் நடுவே உள்ள சரிவு இரண்டுக்கு ஒன்றைவிடச் செங்குத்தாகப் போகக் கூடாது என்கிறது அஸ்திவாரங்களுக்கான தரவிதி ஐஎஸ் 1904. இங்கே 0.9 மீட்டர் இறக்கத்துக்கு நாலு மீட்டருக்கு மேல் இடம் இருந்தது. சி-க்குக் குழி வெட்டும்போது பி-யின் அடிமண் கலையாது என்ற நிம்மதி எனக்கு முக்கியமாகப் பட்டது.

மண் அறிக்கை கொடுத்த தாங்குதிறன் சதுர மீட்டருக்கு 20 டன், 25 மி.மீ. இறக்கத்தை வரம்பாக வைத்து. சைட்டில் எல்லோரும் டன்னில் பேசுவதால் இங்கேயும் டன்னிலேயே எழுதுகிறேன்.

சுமைகளைக் கையால் கூட்டினேன். நடு பிரேம்களில், காரணி சேர்க்காத (பாதுகாப்புக்காகப் பெருக்காத) சுமை: ஏ 24.3 டன், பி 34.7 டன், சி 17.5 டன். டெக் ஷீட் தளம் (மடிப்புத் தகட்டின் மேல் கான்கிரீட்), அதன் மேல்பூச்சு, சதுர மீட்டருக்கு 400 கிலோ புழங்கு சுமை, கூரை, ஓரங்களில் ஒரு மீட்டர் உயரச் செங்கல் சுவர் எல்லாம் சேர்த்து. பழைய ஷெட்டின் சுமையையும் அதே மாதிரிக் கூட்டினேன். கூரை கனமே இல்லை. மூன்று மீட்டர் உயர ஒன்பது அங்குலச் சுவர்தான் கனம். ஒரு ஃபுட்டிங்குக்கு ஏறக்குறைய 9.5 டன் வந்தது. இந்த 9.5 என்ற எண்ணைப் பிடித்துக்கொள்ளுங்கள். முதல் மாடலில் நான் விட்டது இதைத்தான்.

முதல் மாடலில் செய்தது இது: ஒவ்வொரு காலுக்கு அடியிலும் மண்ணை ஒரு ஸ்பிரிங்காக வைத்தேன். 20 டன்னை 25 மி.மீ.-ஆல் வகுத்தால் மண்ணின் ஸ்பிரிங் மதிப்பு கன மீட்டருக்கு 800 டன். ஃபுட்டிங் பரப்பு 1.44 ச.மீ. ஆகவே ஒரு காலுக்கு மீட்டருக்கு 1152 டன். சி-க்கும் 1.2 மீட்டர் சதுரம் என்று வைத்துக்கொண்டு பதினைந்து கால்களுக்கும் அதையே கொடுத்தேன். 24.3-ஐ 1152-ஆல் வகுத்தால் 21 மி.மீ., பி-க்கு 30 மி.மீ., சி-க்கு 15 மி.மீ. பழைய பக்கம் புதைகிறது, புதுப் பக்கம் நிற்கிறது.

இதில் இரண்டு கோளாறு. ஒன்று வெளிப்படையானது. பி-யின் அழுத்தம் சதுர மீட்டருக்கு 24 டன், அதாவது தாங்குதிறனையே தாண்டுகிறது. பி வரிசையை அகலப்படுத்தாமல் விட முடியாது. மற்றது மறைந்திருப்பது. பழைய ஃபுட்டிங்கின் அடியிலுள்ள மண் 6.6 டன் அழுத்தத்தை ஏற்கெனவே பார்த்துவிட்டது. ஷெட்டைப் பிரித்ததும் கொஞ்சம் மீண்டு எழும்பியிருக்கும். மறுபடி அதே அளவு ஏற்றும்போது மண் பல மடங்கு விறைப்பாக நடந்துகொள்ளும், ஓரிரண்டு மி.மீ.தான் இறங்கும். அதற்கு மேல் ஏறும் பாரத்துக்குத்தான் புது மண்ணைப் போல இறக்கம். ஆகவே ஏ வரிசைக்கு: மொத்த அழுத்தம் 16.9, பழசு 6.6, மிச்சம் 10.3. அதை 800-ஆல் வகுத்தால் 13 மி.மீ. மறு ஏற்றத்துக்கு 2 மி.மீ. ஆக 15.

நேர்கோட்டு ஸ்பிரிங்குக்குப் பழைய நினைவு கிடையாது. அதனால் முழுச் சுமையில் எனக்கு வேண்டிய 15 மி.மீ. வரும்படி ஏ-யின் ஸ்பிரிங்கைத் திருப்பிக் கணக்கிட்டு மீட்டருக்கு 1620 டன் என்று கொடுத்தேன். இது அந்த ஒரு சுமை நிலைக்கு மட்டும் பொருந்தும் எண். காற்று, நிலநடுக்கம் போன்ற குறுகிய காலச் சுமைகளுக்கு அதையே வைத்துக்கொள்ளக் கூடாது. அவற்றுக்குத் தனி மாடல் வைத்துக்கொண்டேன்.

பி வரிசையை 1.8 மீட்டர் சதுரமாக்கினோம். பக்கங்களைக் கொத்தி முரடாக்கி, துளையிட்டு எப்பாக்ஸியில் கம்பி நட்டு, சுற்றிலும் வளையமாகவும் மேலே மூடியாகவும் புதுக் கான்கிரீட். வளையத்துக்கு அடியில் இருப்பது கன்னி மண், நடுவில் இருப்பது பழகிய மண். 10-லிருந்து 13 மி.மீ.-க்குள் எங்கோ இறங்கும் என்றுதான் சொல்ல முடிந்தது. 11 என்று எடுத்தேன். சி-க்கு 1.2 மீட்டர் சதுரமே தாராளம்தான், ஆனால் அது 15 மி.மீ. இறங்கும். 1.5 மீட்டர் ஆக்கினால் 10 மி.மீ. ஆகவே சி-யின் அளவைத் தாங்குதிறன் முடிவு செய்யவில்லை, பக்கத்து வரிசையோடு சேர்ந்து இறங்க வேண்டும் என்ற தேவைதான் முடிவு செய்தது. கொஞ்சம் கூடுதல் கான்கிரீட்டில் கிடைக்கும் மலிவான மருந்து இது.

காகிதத்தில் இப்போது பி-க்கும் சி-க்கும் வித்தியாசம் ஒரு மி.மீ. இங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் 800 என்ற எண்ணை எவ்வளவு நம்புவது? பாடப் புத்தகங்களில் புழங்கும் ‘40 × காப்புக் காரணி × தாங்குதிறன்’ சூத்திரத்தைப் போட்டால், காப்புக் காரணி 3 என்று வைத்தால், அதே மண்ணுக்கு 2400 வருகிறது, மூன்று மடங்கு. அந்தச் சூத்திரம் மண் உடையும் பாரத்தில் 25 மி.மீ. என்று எடுத்துக்கொள்கிறது. எங்கள் அறிக்கை அனுமதித்த பாரத்திலேயே 25 மி.மீ. என்கிறது. இரண்டும் பொய்யில்லை, இரண்டும் வேறு கேள்விக்கான விடை. ஆகவே ஒரு வரிசைக்கு மண் மதிப்பைப் பாதியாகவும் இன்னொன்றுக்கு இரட்டிப்பாகவும் வைத்து எல்லாச் சேர்க்கைகளையும் ஓட்டினேன். சி-யின் அடியில் 400, பி-யின் அடியில் 1600 என்று விழுந்தால் வித்தியாசம் 14 மி.மீ.

14 மி.மீ. பெரிதா? ஐஎஸ் 1904 ஸ்டீல் கட்டடத்துக்கு நீளத்தில் 300-இல் ஒரு பங்கு வரை அனுமதிக்கிறது. 6 மீட்டருக்கு 20 மி.மீ. அந்த அளவில் தேர்வாகிவிட்டது. ஆனால் அனுமதித்த இறக்கம் உத்திரத்துக்குள் கொண்டுவரும் வளைவு கணக்கில் சேராமல் போய்விடாது. பி-சி உத்திரம் ஐஎஸ்எம்பி 450, அதாவது 450 மி.மீ. உயர I வடிவ ஸ்டீல். இரு முனையும் இறுகப் பிடித்த உத்திரத்தில் ஒரு முனை இறங்கினால் வரும் வளைவுத் திருப்பம் ஆறு ஈ-ஐ-டெல்ட்டா, கீழே நீளத்தின் வர்க்கம் (ஈ ஸ்டீலின் விறைப்பு, ஐ உத்திர வடிவத்தின் விறைப்பு, டெல்ட்டா இறக்கம்). இந்த உத்திரத்துக்கு அதைப் போட்டுப் பார்த்தால் நினைவில் நிற்கும் ஒரு கணக்கு வருகிறது: ஒரு மி.மீ. இறங்கினால் ஒரு டன்-மீட்டர். 14 மி.மீ.-க்கு 14 டன்-மீட்டர். உத்திரத்தின் மொத்த வலுவே 35 டன்-மீட்டர் சுற்றி. தூண் வளைந்து கொடுப்பதால் நிஜத்தில் இது குறையும். ஆனாலும் அழைக்காத விருந்தாளிக்கு வீட்டில் பாதி இடத்தை ஒதுக்குவது போலத்தான்.

இன்னொன்றும் கவனித்தேன். உத்திரத்தை ஏ-யிலிருந்து சி வரை தொடர்ச்சியாக ஓடவிட்டு, கால்களை அசையாதவை என்று வைத்தால், உத்திரத்திலிருந்து பி-க்கு வரும் பாரம் கையால் பங்கிட்டதைவிட 29 சதவீதம் கூடுகிறது, சி-க்கு வருவது 44 சதவீதம் குறைகிறது. ஸ்பிரிங் வைத்தால் இரண்டுக்கும் நடுவில் எங்கோ. அதாவது ஒவ்வொரு ஃபுட்டிங்குக்கும் எவ்வளவு பாரம் என்பதே எனக்குச் சரியாகத் தெரியாத மண் மதிப்பைப் பொறுத்து மாறுகிறது. அந்தப் பாரத்தை வைத்துத்தான் ஃபுட்டிங்கின் அளவு, அந்த அளவை வைத்துத்தான் ஸ்பிரிங். இந்தச் சுற்றில் இரண்டு நாள் போனது.

வெளியே வரும் வழி மாடலில் இல்லை, பிரேமில் இருந்தது. பி-சி உத்திரத்தின் இரு முனைகளையும் சாதாரண வெப் கிளீட் இணைப்பாக (உத்திரத்தின் நடுத்தகட்டை மட்டும் கோணத் துண்டால் போல்ட் போடுவது), சுழலவிடும் இணைப்பாக மாற்றினேன். சி தூண்கள் பக்கவாட்டு விசையை எதிர்க்க வேண்டாம், பாரத்தை மட்டும் கீழே இறக்கினால் போதும். ஏ-பி மட்டும் இறுகிய மூட்டுகளோடு பிரேமாக நிற்கும், அதன் இரு கால்களும் கீல். எங்கள் பழைய பெடஸ்டல்களும் (ஃபுட்டிங்கின் மேல் நிற்கும் குட்டைக் கான்கிரீட் தூண்கள்) அதையேதான் கேட்டன. 300 மி.மீ. சதுரத் தலையில் கெமிக்கல் ஆங்கர் (துளையிட்டு ரசாயனப் பசையில் நடும் போல்ட்) போட்டால் விளிம்புக்கு மிஞ்சும் தூரம் கொஞ்சம்தான். அதில் திருப்பு விசையை எடுக்கச் சொல்ல எனக்குத் துணிவில்லை.

இந்த அமைப்பின் அழகு இதுதான். இரண்டு கால்களிலும் கீல் உள்ள, இரண்டே தூண் வரிசை கொண்ட பிரேமில் ஒரு கால் மற்றதைவிட இறங்கினால், பிரேம் முழுசாகக் கொஞ்சம் சாய்ந்துகொள்ளும், உள்ளே வளைவு ஏறாது. செங்குத்து எதிர்விசைகள் சமநிலையிலிருந்தே கிடைத்துவிடுகின்றன, மண் என்ன சொன்னாலும் அவை மாறா. மாற்றிய மாடலில் 400, 800, 1600 என்று மண்ணை எப்படி மாற்றினாலும் கால்களின் பாரம் அசையவில்லை. அந்த மூன்று அட்டவணைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் மூச்சு சீரானது.

இதற்கு விலையும் உண்டு. கீல் கால்கள் என்பதால் பக்கவாட்டு அசைவு கூடியது, ஏ-பி தூண்களை ஒரு படி பெரிதாக்க வேண்டியிருந்தது. பி வரிசைக்கு மேலே தளக் கான்கிரீட் வெடிக்கும் என்பதும் நிச்சயம், ஏனென்றால் உத்திரத்தின் முனை சுழலும். அங்கே மேல்பக்கத்தில் நெருக்கமாகக் கம்பி சேர்த்து, நேர்கோட்டில் வெட்டும் போட்டோம், வெடிப்பு நாங்கள் சொன்ன இடத்தில் வரட்டும் என்று.

ஸ்பிரிங்கில் இன்னொரு கண்ணி இருக்கிறது. சாதாரண ஸ்பிரிங் இழுக்கவும் செய்யும். தூண் மேலே எழும்பப் பார்த்தால் மண் அதைப் பிடித்து இழுத்து வைப்பதாக மாடல் நம்பும். கோவைக்கு அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 39 மீட்டர், அதாவது சதுர மீட்டருக்கு 90 கிலோ சுற்றி அழுத்தம். தளம் போட்ட பிறகு எடை தாராளம், எழும்பாது. ஆனால் கூரை ஷீட் ஏறி, தளக் கான்கிரீட் இன்னும் விழாத அந்த இடைக்காலத்தில் ஏ, சி கால்கள் இரண்டும் மேல்நோக்கி இழுபடுகின்றன. அழுத்தத்துக்கு மட்டும் வேலை செய்யும் ஸ்பிரிங்காக மாற்றி ஓட்டியபோதுதான் இது தெரிந்தது. அதன்பின் வேலை வரிசையையே எழுதிக் கொடுத்தோம்: முதலில் ஃபுட்டிங் குழிகளை முழுக்க மூடி இறுக்குவது, அப்புறம் தளக் கான்கிரீட், கடைசியில்தான் கூரை ஷீட். ஆடிக் காற்று நெருங்கிக்கொண்டிருந்ததால் ஷீட் குழு அவசரப்பட்டது. உரிமையாளர் எங்கள் பக்கம் நின்றார்.

ஏ5-க்கு வருகிறேன். அந்த ஃபுட்டிங்கைத் தொடாமல், புதுத் தூணை 150 மி.மீ. உள்ளே நகர்த்தி ஃபுட்டிங்கின் மையத்தில் நிறுத்தினோம். அந்த ஒரு பிரேமில் மட்டும் முடிச்சை (மாடலில் தூணின் இருப்பிடப் புள்ளியை) நகர்த்தி மாடல் செய்தேன். வெளிச்சுவரைத் தாங்க சின்னப் பிராக்கெட். ஓரத் தூண் என்பதால் பாரமும் பாதிதான், அழுத்தம் 13 டன்னுக்குள் நின்றது.

சி பக்கம் பிளிந்த் பீமுக்கு (தரைமட்டத்தில் தூண்களை இணைக்கும் உத்திரம்) அடியில் 75 மி.மீ. இடைவெளி விட்டோம், கரிசல் உப்பினால் பீமை முட்டக் கூடாது. பெடஸ்டலைச் சுற்றிக் கரிசலைத் திரும்பக் கொட்டாமல் கிராவல் நிரப்பினோம்.

ஒவ்வொரு பெடஸ்டலிலும் பித்தளைக் குறி பதித்து, ஸ்டீல் ஏறுவதற்கு முன்பிருந்தே லெவல் எடுத்துவந்தோம். தளக் கான்கிரீட் விழுந்து ஒரு மாதம் கழிந்த கணக்கு: ஏ 3, பி 3, சி 4 மி.மீ. அப்போதிருந்த நிலைச் சுமைக்கு (கட்டடத்தின் சொந்த எடைக்கு) நான் எதிர்பார்த்தது ஐந்தரை, நாலு, ஐந்தரையை ஒட்டி. மண் நான் நினைத்ததைவிடக் கொஞ்சம் விறைப்பு. ஐப்பசி மழை முடிந்து எடுத்தபோது சி வரிசையில் சி4 மட்டும் 6 காட்டியது, பள்ளத்துக்கு மிக அருகில் இருப்பது அதுதான். கூரைத் தண்ணீர் அந்த இடத்தில்தான் விழுந்துகொண்டிருந்தது. பைப் போட்டு நீரைத் தள்ளி விட்டிருக்கிறோம். அடுத்த லெவல் மேல்தளத்தில் பேக்கிங் பெட்டிகள் ஏறிய பிறகு, சித்திரையில்.